எழுநிலை மாடமும் இடிபாட்டு மேடும்

மாடத்தின்மேல் மாடம் அடுக்கிக் கட்டுதல் தமிழர்க்குப் புதிய செய்தியன்று. முல்லைப்பாட்டிலேயே எழுநிலை மாடம் பேசப்படுகிறது. பட்டினங்களும் மாநகர்களும் நெடுநிலை மாடங்களால் சிறந்திருந்தமையைச் சங்கச் சான்றோர் பலபடப் பாடியுள்ளனர். இன்று பண்ணுருட்டியிலிருந்து கடலூர்க்கும், அங்கிருந்து சிதம்பரத்துக்கும் செல்லும் சாலைகளின் இருமருங்கும் நான்கும் ஐந்துமாக நிலைகள் எழுந்துகொண்டிருக்கின்றன. வளைகுடா நாடுகளில் நம் பிள்ளைகள் ஈட்டும் பொருளில் ஒரு பெரும்பங்கு சிமெண்டாகவும் கம்பியாகவும் ஊர் வந்து சேர்கிறது. இந்நிலையில், பல மாடிக் கட்டடத்திற்குச் சட்டமாக நிற்கும் பொருள்களுள் எது சுற்றுச்சூழலுக்குக் குறைந்த தீங்கு செய்வது, கான்கிரீட்டா, இரும்பா, செங்கல்லா, மரமா என்னும் வினா அறிவுலகில் அடிக்கடி எழுகிறது.

பொறியியலார் வேலிக்குள் தமிழாசிரியர் ஏன் நுழைய வேண்டும் எனச் சிலர் வினவலாம். கட்டிடம் என்பது கட்டுதற்குரிய இடம், கட்டடம் என்பதே கட்டி எழுப்பப்பட்டது என்று வகுப்பில் திருத்துவதோடு எம் பணி முடிந்துவிட்டதாக நாம் கருதவில்லை. மேற்கூறிய வினா அரை வினா என்பதே நம் கருத்து. ஒரு பொருள் எங்கிருந்து வெட்டி எடுக்கப்பட்டது, எத்துணை எரித்து ஆக்கப்பட்டது என்பது பாதிக் கணக்கு. அஃது எத்தனை ஆண்டு நிற்கும், இடிக்கும் நாளில் என்னவாக மாறும் என்பது மறுபாதி. முன்பாதியை மட்டும் ஆராய்ந்து பின்பாதியை மறப்பதனாலேயே நம் ஊர்ப்புறங்களில் இடிபாட்டு மேடுகள் பெருகுகின்றன.

பொருள்களின் பட்டியலை நமக்கு முதலில் எழுதித் தந்தவன் ஒரு பல்லவ மன்னன். விழுப்புரம் மாவட்டத்து மண்டகப்பட்டில் முதலாம் மகேந்திரவர்மன் ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குடைவித்த குகைக்கோயிலில் ஒரு வடமொழிக் கல்வெட்டு உண்டு. செங்கல்லின்றி, மரமின்றி, உலோகமின்றி, சுதையின்றி, விசித்திரசித்தனாகிய தான் இக்கோயிலைச் செய்வித்ததாக அதில் அவன் பெருமிதம் கொள்கிறான். அவன் காலம் வரை கட்டடம் என்றாலே இந்நான்கும்தாம் என்பது இதனால் போதருகின்றது. இன்றும் பட்டியல் பெரிதும் மாறிவிடவில்லை. சுதையின் இடத்தில் சிமெண்டு வந்தது, உலோகம் சுவருக்குள்ளும் தளத்துக்குள்ளும் மறைந்து கொண்டது, அவ்வளவே.

அம்மன்னனோடு தொடர்புடைய மற்றொரு செய்தி திருவதிகையைச் சார்ந்தது. கெடில நதிக்கரையில் உள்ள அப்பதி திலகவதியார் திருத்தொண்டாற்றிய இடம்; நாவுக்கரசர் சூலைநோய் நீங்கிய இடம். அரசன் சமணத்தை விட்டுச் சைவம் சார்ந்தபின், இன்றைய கடலூரின் பகுதியாகிய திருப்பாதிரிப்புலியூரில், அந்நாளில் பாடலிபுத்திரம் என வழங்கிய ஊரில், இருந்த சமணப் பள்ளிகளையும் பாழிகளையும் இடித்துக் கொணர்ந்து திருவதிகையில் குணபரஈச்சரம் எடுத்தான் என்று சேக்கிழார் கூறுகிறார். குணபரன் என்பது மகேந்திரவர்மனின் விருதுப்பெயர். இடிக்கப்பெற்றது பிறிதொரு சமயத்தாரின் பள்ளி என்பதை நாம் மறந்து பேசவில்லை. அது பற்றிய நம் வருத்தத்தைச் சொல்லாமலும் செல்ல இயலவில்லை. ஆயினும் கட்டடக் கண்கொண்டு நோக்குங்கால் ஓர் உண்மை புலனாகிறது. ஓரிடத்தில் நின்ற கட்டடத்தைக் கழற்றி, இருபது கிலோமீட்டருக்கு மேல் வண்டியேற்றி, மற்றோரிடத்தில் மீண்டும் எடுக்க அன்று முடிந்தது. கல்லாயின் கல்லாகவே, செங்கல்லாயின் செங்கல்லாகவே, உத்திரமாயின் உத்திரமாகவே அது மீண்டது. இன்று கடலூரில் உள்ள ஒரு நான்கு மாடிக் கான்கிரீட் கட்டடத்தை இடித்துத் திருவதிகைக்குக் கொண்டு சென்றால் அங்குச் சேர்வது என்ன? வளைந்த கம்பியும் வண்டி வண்டியாய்க் கூளமும் அல்லவா?

இவ்வேறுபாட்டின் வேரைக் காணச் சிமெண்டின் பிறப்பை அறிதல் வேண்டும். சுண்ணாம்புக்கல்லைச் சுட்டால் அதனுள் அடைபட்டிருந்த கரியமிலவாயு வெளியேறுகிறது. நூறு கிலோ தூய சுண்ணாம்புக்கல்லைச் சுட, ஐம்பத்தாறு கிலோ சுண்ணாம்பு மிஞ்சும். நாற்பத்து நான்கு கிலோ வாயுவாய்ப் போகும். இது விறகாலும் நிலக்கரியாலும் எழும் புகையன்று. கல்லின் உள்ளிருந்தே வருவது. ஆதலின் சூரிய ஆற்றலால் சூளையை எரித்தாலும் இப்பகுதி நீங்காது. கிளிச்சிப்பியைச் சுட்டு நம் முன்னோர் செய்த சுண்ணாம்புக்கும் இது பொருந்தும். ஆனால் அச்சுண்ணாம்பு ஏறத்தாழ 900 பாகை வெப்பத்தில் வெந்துவிடும். சுவரில் பூசியபின் காற்றிலிருந்து அதே வாயுவைச் சிறுகச் சிறுக உண்டு மீண்டும் கல்லாக இறுகும். கொடுத்ததில் பெரும்பகுதியைத் திரும்பப் பெறும் நாணயம் அதற்கு உண்டு. சிமெண்டோ 1,450 பாகை வெப்பம் கேட்கும். அரியலூரிலும் டால்மியாபுரத்திலும் பல கோடி ஆண்டுகளுக்கு முன்னைக் கடல்வாழ் உயிர்களின் ஓடுகள் படிந்த பாறையை வெட்டி, அவ்வெப்பத்தில் உருக்கும் அளவுக்குச் சுட்டு எடுப்பது கிளிங்கர் எனும் கட்டி. அதை அரைத்தால் சிமெண்டு. ஒரு டன் கிளிங்கருக்கு 800 முதல் 900 கிலோ வரை கரியமிலவாயு வெளிப்படுகிறது. மனிதச் செயலால் உலகில் வெளியாகும் கரியமிலவாயுவில் ஏறத்தாழ நூற்றுக்கு ஏழு எட்டுப் பங்கு சிமெண்டுத் தொழிலுடையது.

கான்கிரீட்டா, இரும்பா எனப் பட்டிமன்றம் நடத்துவோர் ஒன்றைக் கவனிப்பதில்லை. நாம் கட்டும் கான்கிரீட் வெறுங் கான்கிரீட்டன்று. அஃது இரும்பை வயிற்றில் சுமந்த கான்கிரீட். ஒரு கனமீட்டர் கான்கிரீட்டுக்கு 350 கிலோ சிமெண்டு எனக் கொண்டால், கலப்பில்லாத சாதாரணச் சிமெண்டு வகையில் ஏறத்தாழ 300 கிலோ வாயு. அதனுள் வைக்கும் கம்பி உறுப்புக்குறுப்பு மாறும். 100 கிலோ எனக் கொள்வோம். இந்தியாவில் ஒரு டன் எஃகு செய்ய ஏறத்தாழ இரண்டரை டன் வாயு வெளிப்படுகிறது. ஆகவே கம்பியின் பங்கு 250 கிலோ. இரண்டும் கிட்டத்தட்டச் சரிபாதி. ஆயிரம் சதுர அடித் தளம் ஒன்றை ஐந்து அங்குலக் கனத்தில் போட்டால் 12 கனமீட்டர் ஆகும். அத்தளம் ஒன்றுக்கு மட்டும் ஆறரை டன். தூண், உத்திரம், அடித்தளம் ஆகியவை இக்கணக்கில் சேரவில்லை. இது கைக்கணக்கே, ஆயினும் எப்பக்கம் எவ்வளவு கனம் என்பதை உணர்த்தப் போதுமானது.

இரும்பைப் பற்றிப் பேசும்போது நம் மாவட்டம் பெருமையும் படிப்பினையும் ஒருங்கே உடையது. மரக்காயர் மரக்கலங்களால் பெயர்பெற்ற பரங்கிப்பேட்டையில் 1830ஆம் ஆண்டளவில் ஓர் இரும்பாலை எழுந்தது. கிழக்கிந்தியக் கம்பெனிப் பணியிலிருந்த ஜோசையா மார்ஷல் ஹீத் என்பார் அதனை நிறுவினார். சேலத்து மலைகளின் காந்தக் கனிமம் உலைக்கு வந்தது. எரிபொருள் மரக்கரி. அங்கு வடித்த வார்ப்பிரும்பு கப்பலேறி இங்கிலாந்து சென்றது. வேல்ஸ் நாட்டில் மெனாய் நீரிணைக்கு மேல் 1850இல் திறக்கப்பெற்ற பிரிட்டானியா பாலத்திலும் பரங்கிப்பேட்டை இரும்பு இடம்பெற்றதாகக் கூறுவர். கனிமத்திற்குக் குறைவில்லை, அதன் தரமும் உயர்ந்ததே. ஆனால் உலை ஒவ்வொரு நாளும் காட்டைக் கேட்டது. கரி சுடும் காடு ஆண்டுக்காண்டு தொலைவாயிற்று. கரி கொண்டுவரும் கூலி ஏறியது. பணமுடையும் சேர்ந்துகொள்ள, 1860களில் அவ்வாலை ஓய்ந்தது. சேலத்து மலையடிவாரங்களில் அந்த இரும்புக்காகக் கரியான மரங்களை எவரும் எண்ணி வைக்கவில்லை. எங்கோ ஒரு தீவில் பாலம் எழ, இங்கே காடு குறைந்தது. கட்டடப் பொருளின் விலை அது நிற்கும் இடத்தில் மட்டும் கொடுக்கப்படுவதில்லை என்பதற்கு இதனினும் நெருங்கிய சான்று நமக்கு வேண்டுவதில்லை.

மரக்கரி போய் நிலக்கரி வந்தபின் காடு பிழைத்தது, காற்று அகப்பட்டுக்கொண்டது. எனினும் இரும்புக்கு ஒரு தனிச்சிறப்பு உண்டு. அது சாகாத பொருள். திருகாணியால் பூட்டிய எஃகுச் சட்டத்தைக் கழற்றி வேறிடத்தில் பூட்டலாம். அதற்கும் உதவாதாயின் உருக்கி மீண்டும் எஃகாக்கலாம். பழைய இரும்பை மின்னுலையில் உருக்குவதற்குக் கனிமத்திலிருந்து எடுப்பதில் ஒரு சிறு பங்கு வாயுவே வெளிப்படும். நம் ஊர்ப் பழைய இரும்புக் கடைக்காரர் எந்த ஆணையையும் எதிர்பாராமல் இத்தொண்டைச் செய்து வருகிறார். ஆனால் எஃகுச் சட்டக் கட்டடத்திலும் தளம் பெரும்பாலும் கான்கிரீட்டே. தீயிலிருந்து காக்க அதற்குத் தனிப்பூச்சு வேண்டும். நம் கடற்கரை உப்புக்காற்றில் வண்ணம் தீட்டுவதை ஓராண்டு மறந்தாலும் துரு மறப்பதில்லை. தேவனாம்பட்டினத்திலோ பரங்கிப்பேட்டையிலோ முழு எஃகு மாடத்தை நாம் பரிந்துரைக்கமாட்டோம்.

செங்கல் மிகப் பழைய தோழன். இட்டிகை என்றும் சுடுமண் என்றும் சங்க நூல்கள் அதனை வழங்கும். திருவதிகை வீரட்டானத்து விமானம் செங்கல்லும் சுதையும் எவ்வளவு உயரம் ஏறவல்லன என்பதைக் காட்டிக்கொண்டு நிற்கிறது. ஆனால் செங்கல்லுக்கு வாயில்லை என்பதால் அதன் பாவம் சிறிதென்று எண்ணலாகாது. ஆயிரம் செங்கல்லுக்கு மூன்று டன்னுக்குக் குறையாத மண் வேண்டும். அது வயலின் மேல்மண். ஓர் அங்குல மேல்மண் உருவாக இயற்கை நூற்றாண்டுகளை எடுத்துக்கொள்கிறது. மண்வெட்டிக்கு ஒரு பகல் போதும். மேல்மண் விற்ற வயல் அண்டை வயலினும் தாழ்ந்து, நீர் தேங்கி, வளமிழந்து நிற்பதைச் சூளைகள் நிறைந்த ஆற்றங்கரை ஊர்களில் எவரும் காணலாம். அதன்மேல் சூளைக்கு விறகு.

இதற்கொரு மாற்று நம் வாயிலிலேயே உள்ளது. 1956இல் தொடங்கப்பெற்ற நெய்வேலி நிறுவனத்தின் அனல்மின் நிலையங்கள் பழுப்பு நிலக்கரியை எரித்துச் சாம்பலைத் தள்ளுகின்றன. அச்சாம்பல் சுண்ணாம்புச் சத்து மிகுந்தது. சாம்பலும் சிறிது சிமெண்டோ சுண்ணாம்போ கலந்து, சுடாமலே, அழுத்தியும் நீர் தெளித்தும் செய்யும் கல் சுவருக்குப் போதிய வலிமை உடையது. அனல்மின் நிலையத்தைச் சுற்றி 50 கிலோமீட்டருக்குள் செங்கல் செய்வோர் சாம்பலைக் கலக்க வேண்டும் என்று 1999 செப்டம்பரிலேயே மைய அரசு அறிவிக்கை வெளியிட்டது. திருவதிகை அவ்வட்டத்துக்குள் அடங்கும். சிமெண்டோடு சாம்பலைக் கலந்த பொசோலானாச் சிமெண்டும் கடைதோறும் கிடைக்கிறது. அதில் நூற்றுக்கு 15 முதல் 35 பங்கு வரை சாம்பல். அந்த அளவுக்குக் கிளிங்கர் குறையும். காற்றுக்குச் சுமை குறையும். உப்பை எதிர்க்கும் திறமும் கூடும். அது முதிர்ந்து வலுப்பெறச் சில நாள் கூடுதலாக நீர் காட்ட வேண்டும். அவசரக்காரக் கொத்தனார்கள் அதனை விரும்பாமைக்கு அதுவே காரணம். நெய்வேலிச் சுரங்கத்துக்கு நிலம் கொடுத்த ஊர்களின் துயரம் தனிக்கதை. சாம்பலைப் பயன்படுத்துவதால் அத்துயரம் நியாயமாகிவிடாது. சாம்பல் மலையாய்க் குவிந்து கிடப்பதினும் சுவராய் நிற்பது மேல் என்றே சொல்கிறோம்.

சுட்ட களிமண்ணையும் சுண்ணாம்புக்கல் தூளையும் கூட்டிக் கிளிங்கரைப் பாதியாகக் குறைக்கும் சிமெண்டு ஒன்றைச் சுவிட்சர்லாந்தின் லோசான் தொழில்நுட்பக் கழகத்தாரும் டெல்லி, சென்னை, மும்பை ஐ.ஐ.டி. அறிஞர்களும் ஆய்ந்து உருவாக்கினர். இந்தியத் தர அமைவனம் 2023இல் அதற்குத் தரமும் வகுத்துவிட்டது. இச்செய்தியைப் படித்தபோது நமக்குச் சுர்க்கி நினைவுக்கு வந்தது. சுண்ணாம்போடு செங்கல் தூளை இடித்துச் சேர்த்துப் பழைய கொத்தனார்கள் அரைத்த காரையின் நுட்பமும் சுட்ட களிமண்ணின் நுட்பமே அன்றோ!

மரத்தைப் பற்றியும் கூறவேண்டும். பலகைகளை அடுக்கி ஒட்டிய பெருமரத் தூண்களாலும் தகடுகளாலும் மேலைநாட்டார் வானளாவக் கட்டத் தொடங்கிவிட்டனர். நார்வேயில் 2019இல் திறந்த மியோஸ்தோர்னெட் 18 நிலை, 85 மீட்டர். அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் 2022இல் நிறைந்த அசென்ட் 25 நிலை. வளரும் மரம் காற்றிலிருந்து உண்ட கரி, கட்டடம் நிற்கும் வரை அதனுள்ளேயே பூட்டியிருக்கும் என்பது அவர்தம் வாதம். வெட்டிய இடத்தில் மரம் மீண்டும் வளருமாயின் அவ்வாதம் செல்லும். ஊசியிலைக் காடுகள் பரந்த நாட்டுக்கு அது பொருத்தம். பலாவும் முந்திரியும் விளையும் பண்ணுருட்டியில் அதைப் பின்பற்றப் புகுந்தால், கடல் கடந்து மரம் வாங்கிக் கறையானுக்குப் படைப்பதாக முடியும்.

இவ்வளவும் கூறியதனால் கான்கிரீட்டை நாம் பகைக்கிறோம் என எவரும் கொள்ளற்க. 2004 டிசம்பர் 26இல் கடல் ஊருக்குள் புகுந்தபோதும், 2011 டிசம்பர் 30இல் தானே புயல் இம்மாவட்டத்தைத் தூற்றிச் சென்றபோதும், கூரையும் ஓடும் பறந்த தெருக்களில் நின்றவை தளம் போட்ட வீடுகளே. ஏழைக்குக் கான்கிரீட் கூரை ஆடம்பரமன்று, உயிர்க்காப்பு. அவனிடம் சென்று கரியமிலவாயுக் கணக்குப் பேசுவது அறமாகாது. நம் கணக்கு, வேண்டாத இடத்தில் கான்கிரீட்டை வாரி இறைப்போரையும், முப்பது ஆண்டில் இடிந்து போகும்படி கட்டுவோரையும் நோக்கியது.

முப்பது ஆண்டு என்று ஏன் கூறினோம்? கம்பியைக் காப்பது கான்கிரீட்டின் காரத்தன்மை. காற்றிலுள்ள கரியமிலவாயு மெல்ல உட்புகுந்து அக்காரத்தைத் தணிக்கும்; கடலோர உப்பு இன்னும் விரைந்து உட்சென்று கம்பியை அரிக்கும். துருப்பிடித்த கம்பி பருத்து, மேலுள்ள கான்கிரீட்டைப் பிளந்து தள்ளும். தளத்தின் அடிப்புறம் பெயர்ந்து கம்பி எலும்பாய்த் தெரியும் கட்டடங்களைக் கடற்கரை ஊர்களில் காணாதார் யார்? இந்தியத் தரநூல் கடலோரத்துக்கு 45 மில்லிமீட்டர் மூடுகனம் விதிக்கிறது. மாசற்ற உள்நாட்டுச் சூழலில் 20 போதும் என்கிறது. நம் ஊர்களில் கடலோரத்திலும் அவ்விருபதையே பின்பற்றுகின்றனர். அதுவும் கம்பிக்கு அடியில் ஒரு ஜல்லியைத் தள்ளிவிட்டு. கலவைக்கு உப்பு நீர் ஊற்றுவோரும் உளர். இரண்டு அங்குலத்துக்கும் குறைந்த அம்மூடுகனத்திலும் நல்ல தண்ணீரிலும் மிச்சப்படுத்தும் காசுக்காக, ஆறரை டன் வாயுவால் வாங்கிய தளத்தை அறுபது ஆண்டு முன்னதாகவே இழக்கிறோம். தொண்ணூறு ஆண்டு நிற்கும் கட்டடத்தின் சுமையை ஆண்டுக்குப் பகிர்ந்தால், முப்பதாண்டில் விழுவதன் சுமையில் அது மூன்றில் ஒரு பங்கே. எந்தப் பொருளை மாற்றியும் இவ்வளவு சிக்கனத்தை எளிதில் பெறமுடியாது.

மணலும் இக்கணக்கில் உண்டு. பெண்ணையிலும் கெடிலத்திலும் கொள்ளிடத்திலும் அள்ளிய மணல் வீடுகளாய் நிற்கிறது. ஆறுகள் பள்ளமாய்க் கிடக்கின்றன. கரையோரக் கிணறுகளில் நீர் கீழே போயிற்று. 2018 ஆகஸ்டில் திருச்சியில் கொள்ளிடத்தின் பழைய இரும்புப் பாலம் வெள்ளத்தில் சரிந்தபோது, மணல் அள்ளியமையே காரணம் என்று பலர் சுட்டினர். பாறையை உடைத்துச் செய்யும் எம்சாண்டு ஆற்றைக் காக்கும், குன்றைக் காக்காது.

இனி நம் சமுதாயத்தாரிடம் நேரே பேச வேண்டியதைப் பேசுவோம். பரங்கிப்பேட்டையிலும் இலால்பேட்டையிலும் நெல்லிக்குப்பத்திலும் நம் பாட்டனார் காலத்து வீடுகளும் பழைய மதரசாக் கட்டடங்களும் ஒவ்வொன்றாய் இடிபடுகின்றன. சுண்ணாம்புக் காரையில் எழுந்த கனத்த சுவர்; தேக்குக் கட்டைகளை வரிசையாய் அடுக்கி, அவற்றின்மேல் மெல்லிய செங்கற்களை நெருக்கி வைத்துச் சுண்ணாம்பால் இறுக்கிய மேல்தளம்; நடுவே வானம் காணும் முற்றம். சித்திரை வெயிலிலும் உள்ளே குளிர்ந்திருந்தன. இவற்றை இடித்தால் காரை உதிர்ந்து செங்கல் முழுதாய் வரும். ஈரோட்டிலும் மதுரையிலும் உள்ளோர் அதனை விலைக்கு வாங்குவர். தூணும் கதவும் காரைக்குடிப் பழம்பொருள் கடைகளில் விலைபோகும். அவற்றின் இடத்தில் எழும் கட்டடத்தைப் பிற்காலத்தில் இடிக்கும்போது, சிமெண்டுச் சாந்து செங்கல்லை விடாது. இரண்டும் சேர்ந்தே நொறுங்கும். கம்பி மட்டும் கடைக்குப் போகும். எஞ்சிய கூளம் வாய்க்காலோரத்திலும் குட்டைகளிலும் கொட்டப்படும். கட்டட இடிபாடுகளைக் கையாள 2016இல் மைய அரசு விதிகள் வகுத்தது. ஆனால் நம் ஊர்க் குட்டைகளை விதி காக்கவில்லை. மழைக்காலத்தில் நீர் தெருவுக்கு வருகிறதே என்று வருந்துகிறோம். அதன் வழியில் கிடப்பது நம் பாட்டனார் வீட்டுக்குப் பதிலாக நம் தந்தையார் கட்டிய வீடு!

பழமையை அப்படியே போற்றுக என்பது நம் கட்சியன்று. ஏமன் நாட்டு ஹள்ரமவுத்தில் ஷிபாம் என்றொரு நகர் உண்டு. வெயிலில் காய்ந்த பச்சைமண் கற்களால் ஏழும் எட்டுமாக நிலைகள் எடுத்த வீடுகள். அவற்றுட் பல பதினாறாம் நூற்றாண்டின. 1982இல் யுனெஸ்கோ அதனை உலக மரபுச் சின்னமாக ஏற்றது. உலகிலேயே மிகக் குறைந்த எரிபொருளில் எழுந்த மாடநகர் அதுவாகலாம். ஆனால் அச்சுவர்களை மழையும் காற்றும் தின்னாதிருக்க அடிக்கடி மண்பூச்சுப் பூசி வர வேண்டும். 2008இன் வெள்ளத்தில் அந்நகர் பெரிதும் பழுதுற்றது. பேண ஆளுள்ள வரையே பச்சைமண் நிற்கும். கெடிலக் கரையின் ஐப்பசி மழைக்கு அது தாங்காது. நமக்கு அணிமையில், ஆரோவில்லில், மண்ணோடு சிறிது சிமெண்டு கலந்து அழுத்திய கற்களால், சுவரே சுமை தாங்கும் வகையில் நான்கு தளக் குடியிருப்பு 1990களில் எழுந்து இன்றும் நிற்கிறது. நான்கு தளம் வரை கான்கிரீட் தூண்களின் காடு கட்டாயமில்லை என்பதற்கு அது சான்று. லாரி பேக்கர் பரப்பிய எலிப்பொறிக் கட்டுமுறையில் செங்கற்களைக் கிடத்தாமல் செங்குத்தாய் நிறுத்தி நடுவே வெற்றிடம் விட்டால், நூற்றுக்கு இருபத்தைந்து செங்கல் மிச்சம், வெப்பமும் தடைப்படும். தளத்தின் அடிப்பகுதியில் பழைய ஓடுகளைப் பதித்துக் கான்கிரீட்டைக் குறைத்ததும் அவரே. தூண்களின் இடைவெளியை மிகவும் அகற்றாமல் அறைகளை அளவாக வைத்தாலே தளத்தின் கனமும் கம்பியும் தாமே குறையும். நம் திருமண மண்டபங்களில் தூணில்லாப் பெருங்கூடம் வேண்டும் என்னும் வீம்புக்கு எவ்வளவு இரும்பு போகிறது என்பதைப் பொறியாளரிடம் ஒருமுறை கேட்டுப் பார்க்கலாம்.

ஊர் ஜமாஅத்தாரும் கல்லூரி ஆட்சிக் குழுக்களும் வக்ஃபுச் சொத்தின் பொறுப்பாளர்களும் கட்டடக் குழுக் கூட்டத்தில் அமரும்போது வரைபடமும் மதிப்பீடும் மேசைமேல் விரிக்கப்படும். இத்தனை நிலை, இத்தனை இலட்சம் என்ற அளவில் பேச்சு முடிந்துவிடும். அம்மேசையில் இன்னுஞ் சில வினாக்கள் எழுதல் வேண்டும் என்று விழைகிறோம். இருக்கும் கட்டடத்தைத் தகுதிவாய்ந்த பொறியாளர் ஒருவர் தட்டிப் பார்த்துச் சான்று கூறினாரா, அல்லது பழையது என்பதே குற்றமாயிற்றா? அதன்மேல் ஒரு நிலையோ அதன் பக்கத்தில் ஒரு பகுதியோ சேர்த்தால் போதாதா? இடித்தே ஆகவேண்டுமாயின் தேக்கும் செங்கல்லும் புதுக்கட்டடத்திலேயே இடம்பெறுமா? கலவைக்கு எந்த நீர், மூடுகனம் எத்தனை மில்லிமீட்டர், எந்தச் சிமெண்டு என்பன ஒப்பந்தத்தில் எழுதப்பட்டனவா? தளம் போடும் நாளில் அதை அளந்து பார்ப்பவர் யார்? நீர் காட்டும் நாள்களை யார் எண்ணுவர்?

மாணவர்க்கும் இதில் ஒரு வேலை உண்டு. நம் கல்லூரியில் பயில்வோர் பலரும் மேற்கூறிய ஊர்களினர். அடுத்த விடுமுறையில் தத்தம் தெருவில் நிற்கும் சுண்ணாம்புக் கட்டடங்களை எண்ணி, கட்டிய ஆண்டு, சுவரின் கனம், தளத்தின் வகை, கட்டிய கொத்தனாரின் ஊர், காரைக்கு அவர் சேர்த்தவை எவையென முதியோர் நினைவில் உள்ளவை ஆகியவற்றை ஏட்டில் குறித்து வருமாறு வேண்டுகிறோம். அக்கொத்தனார்கள் வழங்கிய சொற்களையும் தவறாது குறிக்க வேண்டும். கட்டடம் போனாலும் சொல்லாவது துறை நூலகத்தில் இருக்கட்டும். குறிப்பேடுகளை வாங்கி அடுக்கி வைக்கத் தமிழ்த்துறையில் ஓர் அலமாரியை ஒழித்து வைத்திருக்கிறோம்.